ஆணால் வந்ததல்ல

எனெலெசிக்கு அடிவயிற்று வலி எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. மகள் மலிட்டா தவழத் தொடங்கிய வருஷம் என்பது மட்டும் நினைவிருந்தது. இப்போது மலிட்டாவுக்குப் பத்து வயது. நடுவில் போன ஒன்பது வருஷமும், சில்வா ஏரிக்கு மேற்கே உள்ள பாசனத் திட்டத்தில், வருஷத்துக்கு இரண்டு போகம், முழங்காலளவு தண்ணீரில் குனிந்து அவள் நாற்று நட்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவின் வயலில் நட்டது அந்தக் கணக்கில் சேராது.

அந்த ஊரில் உழுவதும் வரப்பு வெட்டுவதும் மடை திறப்பதும் ஆண்களின் வேலை. அவர்கள் கரையேறிய பிறகு, தேங்கிய தண்ணீரில் இறங்குகிறவர்கள் பெண்கள். நடவு, களை, நாற்றுப் பிடுங்கல் எல்லாம் பெண்கள் கையில்தான். காலை ஏழு மணிக்கு இறங்கினால் வெயில் சாய்கிற வரைக்கும் தண்ணீர்தான். ஒதுங்க வேண்டுமென்றால் வாய்க்கால் ஓரத்து நாணல் மறைவு. சாப்பிடுவதற்குக் கை கழுவுவதும் அதே வாய்க்காலில். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நடுகிறவர்களும் உண்டு. மலிட்டா அப்படித்தான் வளர்ந்தாள்.

அன்றைக்கு எலுபியின் வயலில் நடவு. பெண்கள் ஒருவர் வயலுக்கு ஒருவர் மாறி மாறிப் போவது வழக்கம். எலுபி நெட்டையான பெண், வாய் சும்மா இருக்காது. நட்டுக்கொண்டே வந்த எனெலெசி பாதி வரிசையில் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டதை அவள் பார்த்தாள்.

"என்னடி, நிமிந்தா குனிய மாட்டேங்கிற, குனிஞ்சா நிமிர மாட்டேங்கிற?"

"இடுப்பு பிடிச்சிருக்கு."

"ஜெய்லோசி நேத்துதானே ஊருக்கு வந்தான்? பிடிக்காம பின்ன என்ன செய்யும்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. எனெலெசியும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் கேள்வி வரும். ஜெய்லோசி அவள் கணவன். ஏரிக்கரையில் கருவாடு வாங்கி, சைக்கிளில் கட்டி, சோம்பா நகரச் சந்தையில் விற்கிறவன். வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் வெளியிலேயே தங்குவான். அவன் வீட்டில் இருக்கிற நாட்களில் அவளுக்குப் பயம் வந்துவிடும். அவன் பக்கத்தில் வந்தாலே புண்ணில் உப்பு வைத்ததுபோல எரியும், அதற்குப் பிறகு துணியில் ரத்தம் இருக்கும். தீட்டு நாள் இல்லாத நாளிலும் இருக்கும். நான்கு மாதமாக அவள் ஏதாவது சாக்குச் சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தாள். மலிட்டாவுக்குப் பிறகு இரண்டு கரு தங்காமல் கலைந்துபோயின. அதன்பிறகு எதுவுமே தங்கவில்லை.

சுகாதார நிலையத்துக்கு அவள் இரண்டு முறை போய் வந்திருந்தாள். அங்கே இருந்தவர் மக்குங்கா. அவர் மருத்துவ உதவியாளர்தான். ஊரார் டாக்டர் என்றே கூப்பிடுவார்கள். வெள்ளைபடுதல், ரத்தம், எரிச்சல் என்று சொன்னதும் அவர் தலையைத் தூக்காமல் எழுதினார். அவர் மேசை முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். மாத்திரை கொடுத்தார், கூடவே கணவனை அழைத்து வரச்சொல்லி ஒரு சீட்டு. அந்தச் சீட்டு எதற்கென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். படுக்கையில் ஒட்டிக்கொள்ளும் நோய் இருந்தால்தான் அந்தச் சீட்டு வரும். இரண்டு சீட்டையும் அவள் அடுப்பில் போட்டாள். ஜெய்லோசிதான் எங்கேயோ வாங்கிவந்து தனக்குக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தாள். சோம்பாவில் மூன்று நாள் தங்குகிறவன் எங்கே தங்குகிறான்? அதை ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

மூன்றாவது முறை மக்குங்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "உன் வீட்டுக்காரர் வராம இனி மாத்திரை கிடையாதும்மா. நீ ஒருத்தி தின்னு பிரயோஜனமில்ல."

ஆகவே மூன்றாவது சீட்டை அவள் கணவனிடம் கொடுத்தாள்.

ஜெய்லோசி மறுநாளே போனான். மத்தியானம் திரும்பி வந்து, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சங்கிலியைத் துடைக்க ஆரம்பித்தான். சங்கிலி சுத்தமாகத்தான் இருந்தது. எனெலெசி மாவு சலித்துக்கொண்டே காத்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையாம்," என்றான் கடைசியில். "ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. சுத்தமா இருக்காம்."

அவள் கை நின்றது.

"நான் ஊர்ல இல்லாதப்ப இங்க யார் வர்றான்?"

"யாரும் வரல."

"நாலு மாசமா என்னைக் கிட்ட சேர்க்கல. இப்பதான் புரியுது."

"நீங்க சோம்பாவுல எங்க படுக்குறீங்க?" அவளையறியாமல் வந்துவிட்டது.

"மீன் மூட்டை மேல படுக்குறேன்! மோந்து பாத்தா தெரியாதா உனக்கு?" அவன் குரல் உடைந்தது. அவனுக்குக் கோபத்தைவிட அவமானமே அதிகம் என்று அவளுக்குத் தோன்றியது. சுகாதார நிலைய வரிசையில், ஊர்ப் பெண்கள் எல்லோரும் பார்க்க, அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் நின்றிருக்கிறான்.

அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டு ஊருக்கு வந்து குடியிருப்பான். வீடும் நிலமும் பெண் வழியில் வருவது. கல்யாணத்துக்கு இரண்டு தரப்பிலும் தாய்மாமன்கள் பொறுப்பு நிற்பார்கள். சண்டை வந்தால் அவர்கள் முன்னால்தான் பேச வேண்டும். எனெலெசிக்கு அம்மா இல்லை. மாமா கச்சிங்வேதான் எல்லாம். பழைய பள்ளிக்கூட எழுத்தர், கறாரான மனிதர், தேவாலயத்தில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். ஆண்கள் நாற்காலியில், பெண்கள் பாயில்.

ஜெய்லோசி தன் ரத்தப் பரிசோதனை முடிவு எழுதிய சீட்டை எடுத்துக் கச்சிங்வேயிடம் கொடுத்தான். அவன் பேசியது கொஞ்சம்தான். பேசியதெல்லாம் அவனுடைய மாமா.

"எங்க பையன் ஆஸ்பத்திரிக்குப் போனான், சுத்தமா வந்தான். நோய் இந்தப் பொண்ணுகிட்ட இருக்கு. தானா முளைக்கிறதுக்கு இது என்ன காளானா?"

கச்சிங்வே சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு எனெலெசியைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லு. யாரும் உன்னை அடிக்கப்போறதில்ல."

"மாமா, அவரைத் தவிர யாரையும் எனக்குத் தெரியாது."

"சரி. அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சு?"

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எலுபியும் பார்க்கவில்லை, கால் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனெலெசி வாயைத் திறந்து மூடினாள். அவளே ஒன்பது வருஷமாக அந்தக் கேள்விக்குக் கணவன் பெயரைத்தான் பதிலாக வைத்திருந்தாள். அந்தப் பதில் போய்விட்ட பிறகு வேறொன்று அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஜெய்லோசி அன்று மாலையே கிளம்பினான். கட்டியிருந்த துணிமூட்டை, வலை, அரிவாள். கடைசியில் வீட்டுக் கதவையும் கழற்றினான். அது அவன் கையால் பலகை வாங்கிச் செய்த கதவு. பிரிந்து போகிற ஆண் தான் செய்ததை எடுத்துப் போகலாம், அது வழக்கம். சைக்கிளில் குறுக்காக அதைக் கட்டியபோது மலிட்டா பக்கத்தில் நின்று கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள். அப்பா எப்போதும்போலச் சந்தைக்குப் போவதாக நினைத்திருக்கலாம். சைக்கிள் திரும்பியதும்தான் அழுதாள்.

அடுத்த வாரம் தேவாலயப் பெண்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, சங்கத்து வெள்ளைச் சட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். விஷயம் தெளிவாகிற வரைக்கும் என்றார்கள். நன்றாகத் துவைத்து, மடித்துக் கொடுத்தாள். மாமா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வாசலில் பாய் ஒன்றைத் தொங்கவிட்டு, அவளும் மலிட்டாவும் அந்த வருஷத்து அறுவடை வரைக்கும் இருந்தார்கள். நடவுக்கு ஆள் மாற்றிக்கொள்ள அவளை யாரும் கூப்பிடவில்லை. தன் வயலைத் தனியாக நட்டாள். மற்றவர்கள் இரண்டு நாளில் முடிப்பதற்கு அவளுக்கு ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் தண்ணீரில்.

பள்ளிக்கூடத்துக்குப் புழு மாத்திரைக்காரர்கள் வந்தது ஜூன் மாதத்தில், அந்தப் பக்கத்தில் அதுதான் குளிர்காலம். பிள்ளைகள் வெறும் வயிற்றில் மாத்திரை தின்றால் தலைசுற்றும் என்று, தாய்மார்கள் ஐந்து பேர் வந்து கஞ்சி காய்ச்சித் தரவேண்டும் என்றார் தலைமை ஆசிரியர். ஐந்தில் ஒருத்தியாக எனெலெசியும் போனாள். கஞ்சிக்குக் கூப்பிட்டவர்கள் அவளை விலக்கவில்லை. விறகு கொண்டு வருகிறவளை யார் விலக்குவார்கள்?

வந்த குழுவில் நியாசுலு என்று ஒரு பெண். வடக்கத்திக்காரி, மாவட்ட ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கூடத்தில் வேலை. பிள்ளைகள் சின்னக் குப்பிகளில் சிறுநீர் கொண்டு வந்து அவள் மேசையில் வைத்தார்கள். பையன்களுக்கு ஒரே கும்மாளம். "டேய், என்னுது தக்காளிக் குழம்பு!" "போடா, என்னுதுதான் சிவப்பு!" என்று குப்பியைத் தூக்கிக் காட்டினார்கள். அந்த ஊரில் பையன்கள் சிறுநீரில் ரத்தம் போவது புதிதல்ல. வயது வருகிற அடையாளம் என்றே சிலர் சொல்வார்கள். வளர்ந்தால் போய்விடும் என்பார்கள்.

நியாசுலு சிரிக்கவில்லை. உயரம் அளக்கும் கம்பு ஒன்றை நட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக அதில் நிறுத்தி, உயரத்துக்குத் தகுந்தபடி மாத்திரையை எண்ணிக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே உரக்கச் சொன்னாள். "இது ரத்தப் புழு. தண்ணிக்குள்ள சின்ன நத்தை இருக்கும் பாருங்க, அதுக்குள்ள இருந்து வரும். கண்ணுக்குத் தெரியாது. தோல் வழியா உள்ள போயிடும். வயத்துக்குள்ள குடியிருந்து முட்டை போடும். நீங்க தண்ணியில ஒண்ணுக்குப் போனா, அந்த முட்டை மறுபடி நத்தைக்குப் போகும்."

எனெலெசி கரண்டியைப் பானையிலேயே விட்டாள்.

வரிசை குறைந்ததும் மேசையருகே போய் நின்றாள். "அம்மா, ஒண்ணு கேக்கலாமா? இது பிள்ளைங்களுக்கு மட்டும்தான் வருமா?"

"யாருக்கும் வரும்க்கா. ஆனா எங்ககிட்ட இருக்கிற மாத்திரை பிள்ளைங்களுக்கு மட்டும்தான்."

"பிள்ளைங்க விளையாடப் போறதுதானே தண்ணிக்கு? நாங்க நாள் முழுக்க அதுலதான் நிக்கிறோம்."

நியாசுலு நிமிர்ந்து பார்த்தாள். முதலில் முகத்தை, பிறகு சேறு ஊறி வெடித்த பாதங்களை. "உங்களுக்கு ஒண்ணுக்குல ரத்தம் போகுதா?"

"ஒண்ணுக்குல இல்ல." எனெலெசி திரும்பிப் பார்த்தாள். மற்ற பெண்கள் பானையோடு இருந்தார்கள். "வேற இடத்துல."

அந்தப் பெண் எழுந்து, அவளைப் பள்ளிக்கூடச் சுவரின் பின்பக்கம் அழைத்துப் போனாள். எத்தனை வருஷம், எப்போது ரத்தம், எப்போது வலி, எத்தனை கரு கலைந்தது என்று கேட்டாள். எனெலெசி இதுவரை யாரிடமும் இவ்வளவு சொன்னதில்லை.

"நான் சிறுநீர்தான் பாக்குறவ, உள்ள பாத்து எனக்குச் சொல்லத் தெரியாது," என்றாள் நியாசுலு. "செவ்வாய்க்கிழமை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வாங்க. கலுவான்னு ஒரு சிஸ்டர் இருக்காங்க, பொம்பளைங்களுக்கு அன்னிக்கு மட்டும் பாப்பாங்க. 'நான் நெல் நடுறவ, புழு இருக்கான்னு பாருங்க'ன்னு சொல்லுங்க. வேற எதுவும் முதல்ல சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா மறுபடி அதே மாத்திரையத்தான் கொடுப்பாங்க."

செவ்வாய்க்கிழமை அவள் வாடகைச் சைக்கிளில் பெரிய சாலைக்குப் போய், மினிபஸ் பிடித்தாள். சிஸ்டர் கலுவா தடித்த கண்ணாடி போட்ட பெண், அதிகம் பேசவில்லை. படுக்கச் சொல்லி, விளக்கைத் திருப்பி, நெடுநேரம் பார்த்தார். "வலிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்கோம்மா," என்றார் இரண்டு முறை. பிறகு பக்கத்திலிருந்த சின்னத் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இங்க பாரு. இது உன் உள்பக்கம்."

சிவந்த சதையில் மஞ்சளாக, பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டுத் தொட்டுத் தழும்பான இடம்போலச் சுற்றிலும் கன்றிப்போயிருந்தது.

"மண்ணா அது?"

"மணல் மாதிரிதான் தெரியும். புழுவோட முட்டைம்மா. அது சதைக்குள்ள மாட்டிக்கிட்டு வருஷக்கணக்கா உறுத்துது. அதான் ரத்தம், அதான் வலி."

"அப்ப என் புருஷன் கொடுத்தது?"

"அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது ஆணால வர்றதில்ல. நீ வேலை செய்ற தண்ணியில இருந்து வந்தது."

எனெலெசி படுத்தபடியே கூரையைப் பார்த்தாள். தன்மேல் குற்றமில்லை என்று தெரிந்த சந்தோஷம் முதலில் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளுக்கு முதலில் வந்தது மீன் மூட்டைமேல் தலை சாய்த்துப் படுத்திருக்கும் ஜெய்லோசியின் முகம். ஒன்பது வருஷம் அவன் ஒவ்வொரு முறை வீட்டுக்கு வந்தபோதும், சட்டையைத் துவைக்க எடுத்தபோதும், அவள் மனசுக்குள் வேறொரு பெண்ணைத் தேடியிருக்கிறாள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. சிஸ்டர் துடைக்கத் துணி கொடுத்தார்.

நான்கு பெரிய மாத்திரை. வேம்பைவிடக் கசப்பு. டீயும் பன்னும் சாப்பிட்ட பிறகு விழுங்கச் சொன்னார்கள். விழுங்கிவிட்டு வெளித்தாழ்வாரத்து பெஞ்சில் தலைசுற்றல் தீர்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் வேலை முடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புழு செத்துடும். ரத்தம் குறையும், கொஞ்ச மாசம் ஆகும். ஆனா ஏற்கெனவே விழுந்த தழும்பு முழுசாப் போகும்னு நான் சொல்ல மாட்டேன்."

"குழந்தை?"

"சொல்ல முடியாதும்மா."

எனெலெசி தலையாட்டினாள். "திரும்ப வயல்ல இறங்கினா?"

"திரும்ப வரும். வருஷா வருஷம் மாத்திரை சாப்பிடணும். வெயில் ஏற ஏறத்தான் நத்தையில இருந்து அது நிறைய வெளிய வரும். காலையில சீக்கிரம் இறங்கி, பத்து மணிக்குள்ள ஏறினா கொஞ்சம் பரவாயில்ல. முழுசாத் தப்பிக்கணும்னா இறங்காமத்தான் இருக்கணும்."

"இறங்காம என்னத்த சாப்பிடுறது?"

எனெலெசி எழுந்து நின்றாள். "ஒரு உதவி பண்ணுங்க. நீங்க இப்ப சொன்னதைக் காகிதத்துல எழுதிக் கொடுங்க. இங்கிலீஷ்ல வேண்டாம். எங்க பாஷையில எழுதுங்க. சபை நடுவுல வாசிக்கணும்."

சிஸ்டர் உள்ளே போனார். வந்த காகிதத்தில் மூன்றே வரி. இந்தப் பெண்ணைப் பரிசோதித்தேன். இவளுக்கு இருப்பது வயல் தண்ணீரிலிருந்து வந்த புழு நோய். ஆணால் வந்ததல்ல. அடியில் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும்.

மாமா அந்தக் காகிதத்தை வாசல் வெளிச்சத்தில் படித்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை அவங்களை வரச்சொல்றேன்," என்றார். உள்ளே திரும்பியவர் நின்று, "சாப்டியா?" என்று கேட்டார். எட்டு மாதத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

ஜெய்லோசி வந்தான். இளைத்திருந்தான். ஏரிக்கரையில் ஒரு பெண்ணோடு இப்போது குடும்பம் நடத்துகிறான், அவள் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அதே முற்றம், அதே பாய்கள். கச்சிங்வே எழுந்து நின்று, தேவாலயத்தில் வேதம் வாசிக்கிற குரலில் மூன்று வரியையும் வாசித்தார். பிறகு மறுபடி ஒருமுறை.

ஜெய்லோசியின் மாமா உதட்டைப் பிதுக்கினார். "காகிதம்தானே. யார் வேணா எழுதி வாங்கலாம்."

"அன்னிக்கு நீங்க கொண்டுவந்து காட்டினது மட்டும் என்ன? அதுவும் காகிதம்தான்," என்றார் கச்சிங்வே. "அதை நம்பி நான் என் மருமகளோட எட்டு மாசம் பேசல. அது என் தப்பு. அதை இங்க எல்லார் முன்னாலயும் சொல்றேன். உங்க தப்பை நீங்க சொல்லுங்க."

ஜெய்லோசி நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான்.

"நான் தப்பாப் பேசிட்டேன்," என்றான். "மாமா பேசினதும் நான் சொல்லித்தான்." பிறகு எனெலெசியைப் பார்த்து, மெதுவாக: "நீயும் என்னைத்தான் நினைச்சியா? நான் கொடுத்தேன்னு?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

"ஒன்பது வருஷமா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீங்களும் கேட்டிருக்கலாம்."

அவன் திரும்பி வரவேண்டுமா என்று மாமா எனெலெசியைக் கேட்டார். அங்கே ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள், அவளை யார் பார்ப்பார்கள் என்றாள் எனெலெசி. ஜெய்லோசி கிளம்பும்போது, மலிட்டாவைப் பார்க்க வரலாமா என்றான். "உங்க பொண்ணுதானே, வாங்க," என்றாள். மலிட்டா சைக்கிளுக்குப் பின்னால் பெரிய சாலை வரைக்கும் நடந்து போனாள்.

வெள்ளைச் சட்டை அடுத்த ஞாயிறே திரும்பி வந்தது, வாங்கிப் போன அதே இரண்டு பேர் கையில். எனெலெசி வாங்கிக்கொண்டாள். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு சங்கத்துக்குப் போக அவளுக்கு இன்னும் மூன்று மாதம் ஆனது.

கூட்டம் நடந்த அன்றைக்குச் சாயங்காலம் எலுபி வந்தாள். வாசலில் நின்றே, உள்ளே வரலாமா என்று கேட்டாள். அவள் இப்படிக் கேட்டு எனெலெசி பார்த்ததில்லை.

"உக்காரு. என்ன?"

"அந்த சிஸ்டர்," என்றாள் எலுபி. "செவ்வாய்க்கிழமைதானே?"

"யாருக்கு?"

எலுபியின் வாய் கோணியது. சிரிக்கப் போகிறாள் என்று எனெலெசி நினைத்தாள். "ஆறு வருஷமாடி. எரியும், ரத்தம் வரும். நான் அந்த மக்குங்காகிட்ட போகவே இல்ல. சீட்டு கொடுத்துடுவான்னு பயம். அன்னிக்கு உன்னை நடுவுல உக்கார வச்சுக் கேட்டப்ப, எனக்கும் இருக்குன்னு சொல்ல வாய் வரல. சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் சேர்த்துத் துரத்தியிருப்பாங்க."

"ஆனா ரெண்டு பேரா இருந்திருப்போமே," என்றாள் எலுபி. அப்புறம் அழுதாள். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. எனெலெசிக்குக் கோபம் இருந்தது. அதை மறைக்காமல், ஆனால் எழுந்து போகாமல், அவள் அழுது முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை எனெலெசியோடு சேர்த்து ஏழு பேர் போனார்கள். எலுபி மற்ற ஐந்து பேரிடமும் எப்படிப் பேசினாள் என்று தெரியாது. ஏழில் நான்கு பேருக்கு அதே மணல். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. கடைசியாக உள்ளே போனவள் பேரன் பேத்தி எடுத்தவள். சிஸ்டர் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினார். அது வேறு நோய், முற்றிவிட்டது என்றார்கள். முன்னாலேயே யாராவது உள்ளே விளக்கடித்துப் பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம். ஆகஸ்ட் கடைசியில் அவளை அடக்கம் செய்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் எனெலெசியும் எலுபியும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். மக்குங்கா கதவைச் சாத்தச் சொன்னார். மேசைமேல் ஒரு புத்தகத்தைத் திறந்து, எனெலெசிக்குப் படிக்கத் தெரியாத ஒரு பக்கத்தைக் காட்டினார்.

"வெள்ளைபடுதல்னா இந்த மாத்திரை, கணவனுக்குச் சீட்டு. இதான் எழுதியிருக்கு. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். உள்ள பாக்கிற விளக்குகூட என்கிட்ட இல்ல." குரல் தாழ்ந்தது. "நீ மூணு தடவை வந்தே. எனக்கு ஞாபகம் இருக்கு. நீ என்ன வேலை பாக்குறேன்னு நான் ஒரு தடவைகூடக் கேக்கல."

"இனிமே கேளுங்க," என்றாள் எனெலெசி.

அவர் மாவட்டத்துக்கு எழுதினார். பெரியவர்களுக்குப் புழு மாத்திரை வர நவம்பர் ஆகிவிட்டது. அதற்குள் பாசனத் திட்டக் கமிட்டியிடமும் பெண்கள் போனார்கள். வாய்க்கால் தலைப்பில் கழிப்பறை வேண்டும், நடவு விடியலில் தொடங்கிப் பத்து மணிக்கு முடிய வேண்டும் என்றார்கள். கமிட்டிச் செயலாளர், பத்து மணிக்கு ஏறினால் நடவு இரட்டிப்பு நாள் இழுக்கும், நாற்று முற்றிவிடும் என்றார். நாற்று முற்றினால் விளைச்சல் போகும் என்று அவர்களுக்கும் தெரியும். நட்டு வளர்க்கிறவர்கள் அவர்கள்தானே.

"அப்ப நீங்களும் இறங்கி நடுங்க," என்றாள் எலுபி. "ஆம்பளைங்க இடுப்புக்கு என்ன, வெண்ணெயா?"

செயலாளர் சிரித்துவிட்டார். கழிப்பறைக்குக் குழி தோண்ட ஒப்புக்கொண்டார்கள். நேரத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் டிசம்பர் நடவில் இருபத்தெட்டுப் பெண்கள் பத்து மணிக்குக் கரையேறினார்கள். அடுத்த நாளும் ஏறினார்கள். நாற்று முற்றத் தொடங்கிய நான்காம் நாள், யாரும் கூப்பிடாமல், எலுபியின் கணவன் கால்சட்டையை மடித்துக்கொண்டு வயலில் இறங்கினான். வரிசை கோணலாக நட்டான். அவனைப் பார்த்து இன்னும் சிலர் இறங்கினார்கள். சில வீடுகளில் யாரும் இறங்கவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் மத்தியானத்துக்குப் பிறகு, மற்றவர்கள் கண்ணில் படாமல், திரும்பத் தண்ணீருக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனெலெசிக்கு மனம் வரவில்லை.

அவளுக்கு ரத்தம் நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. வலி முழுக்கப் போகவில்லை. குளிர் நாட்களில் அடிவயிறு இன்னும் இழுத்துப் பிடிக்கும். பிள்ளை இனி இல்லை என்பதை அவள் யாரிடமும் பேசவில்லை. நடவில் பக்கத்து வரிசைப் பெண்ணின் முதுகிலிருந்த குழந்தை கை நீட்டினால் மட்டும், விரலை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டு, அதன் கையைத் தொட்டுவிட்டு, அடுத்த நாற்றுமுடியை எடுப்பாள்.

அன்று பத்து மணிக்கு வரப்பில் ஏறி, கால்களை வெயிலில் நீட்டி, துணியால் நன்றாகத் தேய்த்துத் துடைத்தாள். பாதி வயல் பச்சையாகவும் பாதி வெறும் தண்ணீராகவும் கிடந்தது. நாளைக்கு மீதி.